சுவர் காயட்டும்

காயவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்ல வேண்டும். வாளிக்குள் கையை விட்டு ஒரு கை தண்ணீரை அள்ளி, அம்மாவின் அறையில் கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில், சுவரில் விசிறினேன். சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது. சுண்ணாம்புச் சுவருக்கு அப்படி ஒரு குணம், எவ்வளவு கொடுத்தாலும் போதும் என்று சொல்லாது. இன்னொரு கை. வெளுத்துக்கொண்டு வந்த இடம் மறுபடி சாம்பலாகிக் கறுத்து, ஓரம் ஓரமாகப் பரவி, நேற்றுக் காலை இருந்த அதே உருவத்துக்கு வந்து நின்றது, ஒரு பக்கம் சாய்ந்த பூசணிக்காய் மாதிரி. போதும். இதற்கு மேல் விசிறினால் தரைக்கு வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். புதுப் பூச்சுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது ஒன்றும் பொய் இல்லை. காட்டாவிட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். வீட்டு வரைபடம் போடும் எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களிடம் நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை அப்பாதீர்கள், மூச்சு முட்டிப்போகும், உப்புப் பூக்கும், சுண்ணாம்பே வைத்துப் பொறுமையாகத் தண்ணீர் காட்டிக் காய விடுங்கள் என்று. ஆனால் பொறுமைக்கும் ஒரு முடிவு உண்டு. இந்தச் சுவருக்கு அது ஆடி பாதியிலேயே வந்துவிட்டது. இப்போது ஆவணி. உறையூர் வெயிலில் கொடியில் போட்ட துண்டு முறுக்கு மாதிரி விறைத்துக்கொள்கிறது. இந்த வெயிலிலும் ஒரு சுவர் காயவில்லை என்றால் அது சுவர் செய்கிற வேலை இல்லை. அடுக்களையில் அம்மா இஞ்சி தட்டுகிறாள். டொக், டொக், டொக். பித்தளைக் கம்பி கருங்கல்லில் படுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விடியும், சின்ன வயதிலிருந்தே. இன்று நீளமாகத் தட்டுகிறாள். இரண்டு பேர் டீக்கு இவ்வளவு இஞ்சி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது ஆளுக்கும் சேர்த்துத் தட்டுகிறாள்.

மூன்றாவது ஆளை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பெயர் சிகாமணி. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை, புத்தூரில் ஒரு மாடி அறை. அம்மா கூட்டுறவு சங்க ஆபீஸுக்குப் போகிற பஸ்ஸில் அவர். அம்மாவிடம் மட்டும் எங்கே இறங்கணும் என்று கேட்காமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாராம். அம்மா இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள், போன வருஷம், ஏதோ வேடிக்கையைச் சொல்வது மாதிரி. நானும் சிரித்தேன். அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கேட்காமலே தெரிந்துகொள்கிற ஆள் ஒருத்தன் அம்மாவுக்கு ஏற்கெனவே இருந்தான், இந்த வீட்டிலேயே. எனக்குத் தெரியாதா அம்மா எங்கே இறங்குவாள் என்று? ஆனி மாதம் பதிவு அலுவலகத்தில் அவருக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தன். 'உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லிடுடா பரணி, இத்தோட விட்டுடலாம்' என்று அதற்கு முன்னால் அம்மா கேட்டபோது, என் வழக்கமான சின்னக் குரலில், 'நல்லதுதானேம்மா' என்றேன். என் குரலே அப்படித்தான், கோபம் வந்தாலும் அது ஏறாது. ஏறாத குரலை எல்லாரும் நல்ல மனசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சூட்டோடு நானே வாயைக் கொடுத்தேன், 'அந்த ரூம் அப்படியே கெடக்கு, நான் சரி பண்ணிக் குடுத்துடறேன்' என்று. அவர் என் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இறக்கிக்கொண்டு, 'ரூம் முடியட்டும். தம்பி எப்ப வாங்கன்னு சொல்றாரோ அப்ப வர்றேன்' என்றார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்கிற வரைக்கும் வர மாட்டார். அறை முடிகிற வரைக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. சுவர் காய்கிற வரைக்கும் அறை முடியாது. தாத்தா சொன்ன கதைகளில் ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். என் உயிர் ஒரு வாளிக்குள் இருக்கிறது. தினமும் குழாயில் தண்ணீர் வந்து நின்றதும் அது நிறைந்து இந்த அறை வாசலில் இருக்கும். நான் அள்ள வேண்டியதுதான்.

இந்த வாசலைச் சொல்ல வேண்டும். தேக்குக் கதவு, இரட்டைக் கதவு, தாத்தாவின் அப்பா காலத்தது. வெளிப்பக்கம் நாதாங்கி உண்டு, உள்பக்கம் ஒன்றும் கிடையாது. முன்னே இருந்தது. அப்பாவுக்கு வலிப்பு வரும். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சட்டை மாற்றப் போனவர் விழுந்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கால் தரையில் அடிக்கிற சத்தம், இந்தப் பக்கம் அம்மா கதவை அடிக்கிற சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து மேல் பலகையைப் பெயர்த்துக் கையை விட்டுத் திறந்தார். அப்பா பிழைத்தார். மறுநாளே அவரே உட்கார்ந்து தாழ்ப்பாளைக் கழற்றினார், திருகாணி இருந்த துளைகளில் மெழுகை உருக்கி ஊற்றினார், கிவி பாலிஷைத் தேய்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கதவைச் சாத்தலாம், பூட்ட முடியாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகலாம். யார் வேண்டுமானாலும் என்றால் நான்தான். கண்ணாடி அங்கே, சீப்பு அங்கே, இஸ்திரிப் பெட்டி அங்கே. பரீட்சை நாட்களில் தூக்கம் வராவிட்டால் போய் அம்மாவின் கால்மாட்டில் உட்காருவேன். அப்பா இறந்துபோன பிறகு என் கட்டிலைக் கூடத்தில் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டேன். கதவு பாதி திறந்திருக்கும், படுத்தால் அம்மாவின் இரண்டு பாதங்களும் தெரியும், தெரிந்தால் தூக்கம் வரும். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது, பாதம்தானே. ஆனால் அறை வேலையில் சுவருக்கு அடுத்தபடி மிச்சம் இருப்பது அந்த உள் தாழ்ப்பாள்தான். இரும்புக் கடைக்கு நாலைந்து தரம் போய்விட்டேன். ஆணி வாங்குவேன், உப்புத்தாள் வாங்குவேன். 'வேற என்ன தம்பி?' என்று கேட்பார். வேற ஒன்றுமில்லை என்று வந்துவிடுவேன். அம்மாவின் அறைக்கு உள்பக்கம் போடத் தாழ்ப்பாள் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? எந்தக் கதவுக்கு என்று அவர் கேட்கப்போவதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டால்?

'தம்பி.' வந்துவிட்டார். வாசலில் நின்று கூப்பிடுகிறார், உள்ளே வர மாட்டார், கூப்பிட்டால்தான் வருவார். தாத்தா சொல்வார், பேய் வாசலில் நின்று நமக்குத் தெரிந்த குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும், முதல் கூப்பாட்டுக்கும் இரண்டாவது கூப்பாட்டுக்கும் பதில் கொடுத்துவிடாதே, பேய்க்கு மூன்று தெரியாது, மூன்றாவது தரமும் கூப்பிட்டால் அது மனுஷன், தைரியமாகக் கதவைத் திற. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது பாடம். அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் தாத்தா அவளுக்கும் இதைச் சொல்லியிருக்கிறார், இன்றைக்கும் மூன்று தரம் தட்டாமல் அவள் தெருக்கதவைத் திறக்க மாட்டாள். 'தம்பி.' இரண்டு. சுரண்டுகிற தகட்டை எடுத்து ஜன்னல் ஓரத்தைச் சுரண்டுகிற மாதிரி நின்றேன். இத்தோடு போய்விடேன். 'தம்பி, பரணி.' மூன்று. மனுஷன்தான். 'வாங்க' என்றேன். பழைய காக்கிச் சட்டை, இடது தோளில் பை மாட்டி மாட்டிப் பளபளத்துப் போன இடம், கையில் ஒரு பொட்டலம். அசையாத தரையிலும் கால் இரண்டையும் அகட்டி வைத்துத்தான் நிற்பார், வீடு எந்த நிமிஷமும் பிரேக் போடும் என்பது மாதிரி. 'பக்கோடா. சூடா இருக்கு' என்றார். 'குடுங்க, தட்டுல வைக்கிறேன்' என்று அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். தலை வாரியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை குளித்த பிறகுதான் தலை வாருவாள், இன்று குளிப்பதற்கு முன்னாலேயே ஒரு தரம் வாரியிருக்கிறாள். எனக்காக ஒரு நாளும் இரண்டு தரம் வாரியதில்லை. சே, என்ன நினைப்பு இது, மகனுக்காக யாராவது தலை வாருவார்களா? 'மேடம், டிக்கெட் எடுத்தாச்சா?' என்றார் அவர் மெதுவாக. அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாது. இருபத்து நாலு வருஷமாக அவளோடு இருக்கிறேன், அவள் இருமினால் எந்தப் பக்கம் படுத்து இருமுகிறாள் என்று தெரியும், இந்தச் சிரிப்பு எங்கே இருந்தது? எந்த அலமாரிக்குள் வைத்திருந்தாள்? டீ வந்தது. சர்க்கரை குறைவு. அவருக்குச் சர்க்கரை ஆகாது, அதனால் இப்போது யாருக்குமே சர்க்கரை இல்லை.

இருவரும் ஜன்னல் பக்கச் சுவரைச் சுரண்டினோம். அந்தப் பக்கம் பூச்சு உறுதி, வெறும் வண்ணத்தை மட்டும் எடுத்தால் போதும். மேலே ரோஜா நிறம், அது அப்பா அடித்தது, கீழே கிளிப்பச்சை, அதற்கும் கீழே சலவை நீலம். நீலம் வந்த இடத்தில் அவர் கையை நிறுத்திவிட்டு, 'இது யார் காலம் தம்பி?' என்றார். தாத்தா காலம் என்றேன். தாத்தா கல்யாணத்துக்கு அடித்த நீலம், கலவையில் நீலம் போதாமல் ஒரு சுவர் மட்டும் வெளிறிப்போய், அதைப் பார்த்துப் பெண் வீட்டார் முகம் சுளித்து, தாத்தா அவர்களிடம் இது விடிகிற வானம், அது விடிந்த வானம் என்று சமாளித்த கதை என் தொண்டை வரை வந்தது. அதை நான் நன்றாகச் சொல்வேன். சொன்னால் அவர் சிரிப்பார், அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள், மூன்று பேரும் ஒரு அறையில் சிரித்துக்கொண்டு நிற்போம். சொல்லவில்லை. இந்தக் கதை இவருக்கு எதற்கு? அறையைக் கொடுக்கிறேன், அம்மாவை, அம்மாவை நானா கொடுக்கிறேன், நான் யார் கொடுக்க, ஆனால் கட்டில் நான்தான் வாங்கினேன், மெத்தையோடு, கூடத்தில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சாய்த்து வைத்திருக்கிறது. கட்டில் மெத்தை பெண் வீட்டுச் சீர். பெண்ணுக்கு அப்பா அம்மா இல்லை, தம்பி அண்ணன் இல்லை, ஆகவே பெண்ணின் பிள்ளை சீர் செய்கிறான். இப்படி ஒரு சீரை எந்தக் கதையிலும் கேட்டதில்லை. அவர் பீரோவை நகர்த்த ஒரு பக்கம் பிடித்தார். 'வரட்டும், வரட்டும், இடது பக்கம் கொஞ்சம், இன்னும், ஓல்டான்' என்றார், பஸ்ஸைப் பின்னால் எடுக்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை இருமலாக மாற்றிக்கொண்டேன். இந்த ஆள் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. குடிக்கிறவராக, அதட்டுகிறவராக, அம்மாவின் சம்பளத்தைக் கேட்கிறவராக. அப்போது இதற்குப் பெயர் கவலை. இப்போது இதற்கு வேறு பெயர்தான் இருக்கிறது. அப்பாவுக்காகத்தான் இப்படி எரிகிறதோ என்று ஆரம்பத்தில் பார்த்தேன். கட்டில் தலைமாட்டில் அப்பாவின் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது, தட்டு அளவுக்கு, பழுப்பாக. அந்தக் கறைக்குக் கீழே இன்னொருத்தர் சாய்ந்து உட்காருவதை நினைக்க முடியாமல், அந்த இடம் பொருக்குத் தட்டிவிட்டது என்று சொல்லி, நானே உளியால் கொத்தி எடுத்தேன். கொத்தும்போது நெல்லிக்காய் எண்ணெய் வாசம் வந்ததா, வந்த மாதிரி இருந்ததா தெரியவில்லை. எடுத்த இடத்தில் புதுப் பூச்சு. அந்த இடத்தைத்தான் தினமும் நனைக்கிறேன். ஆக, அப்பாவைக் கொத்தி எடுத்தவனும் நான்தான். அப்பாவுக்காக இல்லை. அப்பா உயிரோடு இருந்த நாளிலும் நான் அம்மாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தவன்தானே. பாதம் தெரியாமல் போகும், அதுதான். கதவைச் சாத்துவார்கள், பூட்டுவார்கள், பாதம் தெரியாது.

கௌசல்யா அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, நாச்சியார் கோயில் பக்கம் வீடு. இந்தக் கல்யாணத்தை அவள் எதிர்ப்பாள் என்று நம்பியிருந்தேன். அவள் எதிர்த்திருந்தால் நான் நல்ல பிள்ளையாகவே இருந்துகொண்டு அம்மாவைத் தேற்றியிருப்பேன். அவளோ பதிவு அலுவலகத்துக்கே மல்லிகைப்பூவோடு வந்து நின்றாள். 'என்னடா இது?' என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றாள். 'ஆடி போயி ஆவணியும் வந்தாச்சு. மாப்பிள்ளை புத்தூர்ல, பொண்ணு உறையூர்ல. புதுசா கட்டிக்கிட்டவங்கள ஆடியிலதான்டா பிரிச்சு வைப்பாங்க. நீ ஆவணிக்கும் சேர்த்துப் பிரிச்சு வைக்கிறியா?' கூடத்திலிருந்து அம்மா, 'அக்கா, சும்மா இருங்களேன்' என்றாள், குரலில் வெட்கம். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு ஆடி. 'சுவர் காயல அத்தை' என்றேன். 'காயலையா? நேத்துப் பிழிஞ்ச வடகம் சாயங்காலத்துக்குள்ள கல்லாட்டம் காஞ்சு கெடக்கு. உன் சுவர் என்ன காவிரிக்குள்ளயா நிக்குது?' முகம் சூடாகிவிட்டது எனக்கு. 'சுண்ணாம்புங்க அக்கா' என்றார் அவர், சுரண்டுவதை நிறுத்தாமல். 'அது அப்படித்தான், நிதானமாக் காயும். தம்பிக்கு அதெல்லாம் தெரியும்.' அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'நல்லா இருக்கு கண்டக்டரே. வண்டி ஓடலேன்னா பஞ்சர்னாவது சொல்லணும். இவன் ரோடு ஈரம்ங்கிறான், நீங்க ஆமாங்கிறீங்க' என்று பக்கோடாவில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு அம்மாவிடம் பேசப் போனாள்.

அவள் போன பிறகு அவர் எழுந்து தலைமாட்டுச் சுவருக்குப் போனார். போக வேண்டாம் என்று உடம்பெல்லாம் சொன்னது, வாய் சொல்லவில்லை. உள்ளங்கையை அந்தப் பூசணிக்காய் ஈரத்தின் மேல் வைத்தார். வைத்தபடியே நின்றார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கையை எடுத்தபோது ரேகை தெரிய ஈரம். அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. 'இத்தன வருஷமா டிக்கெட் கிழிக்கிறேன் தம்பி' என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. 'வண்டியில ஏறுனதும் மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுரும், யாரு எடுக்காம நிக்கிறாங்கன்னு. அவங்க மட்டும் ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வருவாங்க. நான் கிட்டப் போயி நின்னு கேக்க மாட்டேன். நாலு பேர் முன்னாடி கேட்டா மனுஷன் செத்துருவான்.' நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பார்வையை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தேன். ஏதாவது பேசியாக வேண்டும். 'செக்கிங் ஏறுனா?' என்றேன். 'ஏறுனா, என் கைக்காசுல ஒண்ணக் கிழிச்சு அவங்க கையில திணிச்சிருவேன்' என்றார். சிரித்தார். கொஞ்சம் முன்னால் அத்தை ஏறினாள், இவர் கிழித்து என் கையில் திணித்தார். அவ்வளவும் புரிந்தது. புரிந்ததும் அவர் மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதன் முதுகில் ஏறிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. என்னிடமே இவ்வளவு பொறுமையாக இருக்கிறாரே, அம்மாவிடம் எப்படி இருப்பார்? நான் அம்மாவிடம் இப்படி இருந்திருக்கிறேனா? ஒரு தரமாவது அவள் முகத்தைப் பார்த்து, கேட்காமல், ஒன்றைக் கிழித்து அவள் கையில் கொடுத்திருக்கிறேனா? எரிச்சல் என்றால் இதுதான் எரிச்சல், வயிற்றில் மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி, அந்த ஆள் கெட்டவர் என்பதால் இல்லை, நான் பார்க்கிற வேலையை என்னைவிட நன்றாகப் பார்க்கிறார் என்பதால். மத்தியானம் டூட்டி என்று கை கால் கழுவிக்கொண்டு கிளம்பினார். 'வர்றேன் மேடம். தம்பி, வர்றேன்.' அத்தையும் கூடவே, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். தெருமுனை வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய இரண்டு பக்கமும் அகட்டிய நடையைப் பார்த்துக்கொண்டு நின்றாளா, சும்மா தெருவைப் பார்த்தாளா, என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா திரும்பி வந்து நேராக அடுக்களைக்குப் போனாள். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம். பிறகு மேல் பரணில் எதையோ தேடுகிற சத்தம். வந்தபோது ஒரு கையில் அந்த இஞ்சி தட்டுகிற பித்தளைக் கம்பி, இன்னொரு கையில் அப்பாவின் பழைய கைக்குட்டையில் கட்டின ஒரு முடிச்சு. 'இதப் போட்டுடு' என்றாள். முடிச்சை அவிழ்த்தேன். நீளமாக ஒரு பித்தளைப் பட்டை, மூன்று வளையங்கள், நிலையில் அடிக்கிற காது, பழைய திருகாணிகள். கம்பியைப் பார்த்தேன். நடுவில் அந்தக் குமிழ். தட்டும்போது விரல் வழுக்காமல் பிடிப்பதற்குத்தான் அந்தக் குமிழ் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். 'இது இஞ்சி தட்றதும்மா' என்றேன். 'அதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு நெனச்சே?' என்றாள். 'ஒங்கப்பா தூக்கிப் போடுன்னாரு. பழைய இரும்புக்காரன் வந்து நின்னான். குடுக்க மனசு வரல. கையில வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னும் தெரியல, இஞ்சி தட்ட எடுத்துக்கிட்டேன்.' நான் எழுவதற்கு முன்னால் தினமும் காலையில் அவள் இதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதன் சத்தத்தில்தான் நான் கண் விழித்திருக்கிறேன். எழுந்ததும் நேராக இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு சீப்பு எடுக்கப் போயிருக்கிறேன். 'சுவர் இன்னும்…' என்று ஆரம்பித்தேன். 'சுவர் காயறப்போ காயட்டும்டா' என்றாள். கோபமே இல்லை. 'நாளையிலேருந்து நான் வாளியில தண்ணி பிடிச்சு இங்க வைக்கப் போறதில்ல.' வாளி. அது தானாக நிறையுமா, தானாக அறை வாசலுக்கு நடந்து வருமா, ஒரு நாளாவது நான் யோசித்திருக்கிறேனா? ஆடி பாதியிலிருந்து இன்று வரை, நான் நனைக்கிறேன் என்று தெரிந்தே, நான் நனைப்பதற்கு அவள் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை.

அப்பா ஊற்றின மெழுகு இன்னும் துளைகளில் இருந்தது. ஆணி முனையால் குத்தியதும் சின்னச் சின்ன உருண்டையாக வந்து விழுந்தது. பழைய துளையில் பழைய திருகாணி, இறுகுமோ இறுகாதோ என்று பயந்தேன். ஒவ்வொன்றும் விட்டுப்போன இடத்துக்குத் திரும்பி வருகிற ஆள் மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது. இறுகாமல் போயிருந்தால் கூடத் தேவலை. இந்த நினைப்பும் வந்துதான் போயிற்று, மறைப்பதற்கில்லை. கம்பியை வளையங்களுக்குள் செருகி ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். இஞ்சி நார் ஒன்று இடுக்கில் மாட்டியிருந்தது. எடுத்தேன். விரலில் இஞ்சி வாசம். அம்மா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு திருகாணியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வரும்போது இந்தக் கதவை யார் பூட்டுவார்கள், அவரா, இவளா, கூடத்தில் படுத்திருக்கிற எனக்கு அந்தச் சத்தம் கேட்குமே, கேட்காத மாதிரி புரண்டு படுக்க வேண்டுமா, ஃபேனை வேகமாக வைத்துக்கொள்ளலாமா, கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்றிக்கொள்ளலாம், அங்கே கொசு, கொசுவர்த்தி வைத்துக்கொள்ளலாம். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது மண்டை. 'முடிஞ்சுதா?' என்றாள். முடிந்தது என்றேன். 'நகரு' என்றாள். நகர்ந்தேன். கொடியிலிருந்து மாற்றுப் புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். சுண்ணாம்புச் சாக்கும் சுரண்டின தூசியும் பீரோவும் தவிர, கட்டில்கூட இல்லாத வெறும் அறை. கதவின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சாத்தினாள். பிறகு பித்தளை மேல் பித்தளை வழுக்குகிற சத்தம், நீளமாக, கடைசியில் ஒரு சின்ன டொக்.

கூடத்தில் நின்றேன். உள்ளே யாரும் இல்லை. அவர் இந்நேரம் சத்திரம் பஸ் நிலையத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பார். உள்ளே அம்மா மட்டும்தான், ஆனாலும் எரிந்தது, அவர் உள்ளே இருந்தால் எரிவதைவிட அதிகமாக. ஒரு ஆள் தனியாக இருப்பதைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இனி பீரோ கதவு கிறீச்சிடும் என்று காத்திருந்தேன். புடவை மாற்றும்போது அம்மா பீரோ கதவை அகலத் திறந்து அதன் பின்னால்தான் நிற்பாள். யாரோ தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். யாரோ என்றால் நான்தான். எவ்வளவு காலம் அந்தக் கிறீச்சைக் கேட்டிருக்கிறேன், துரு என்று எண்ணெய்கூட விட்டிருக்கிறேன், எதற்கு அது திறக்கிறது என்று ஒரு தரம் நினைத்ததில்லை. இப்போது கிறீச்சிடவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அறையின் நடுவில் நின்றுகொண்டுதான் மாற்றுகிறாள். அதுவும் நின்றது. அவள் வெளியே வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாளோ, தூசியாயிற்றே, ஜன்னலோரம் நிற்கிறாளோ, அழுகிறாளோ, அந்த டிக்கெட் சிரிப்பைச் சிரிக்கிறாளோ, ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கிறாளோ. தெரியவில்லை. பாதம் தெரியவில்லை. நாளைக் காலையில் இஞ்சியை எதால் தட்டுவாள், எந்தச் சத்தத்தில் நான் எழுந்திருப்பேன் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கலாம், அம்மாவைத்தானே. போய்க் கையைக் கதவில் வைத்துத் தள்ளினேன், எப்போதும் போல. அது வரவில்லை. தேக்கின் முழுக் கனமும் என் கைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கையை எடுத்தேன். விரலை மடக்கிக்கொண்டேன். இந்தக் கதவை நான் தட்டியதே இல்லை. ஒரு தரம் தட்டினேன். பதில் இல்லை. காத்திருந்து இன்னொரு தரம் தட்டினேன். இல்லை. உள்ளே அசைவு கேட்டது, ஆனால் பதில் இல்லை. மூன்றாவது தரம் தட்டினேன்.

'யாரு?' என்றாள் அம்மா.

'பரணி' என்றேன். சொல்லிவிட்டு, அவளாகத் திறக்கிற வரைக்கும் நின்றேன்.